குழலுக்குக் கொடுக்கும் விலை

குழல் என்றதும் நம்மவர் நெஞ்சில் முதலில் எழுவது புல்லாங்குழலின் ஓசை. அடுத்து நினைவுக்கு வருவது அம்மாவின் கையிலிருந்த அடுப்பூதும் குழல். இக்கட்டுரை கூறப்போகும் குழல் இவ்விரண்டும் அன்று. ஆயினும் இவற்றுக்கு உறவுடையதே. நீண்ட துளை, அதனுள் வாயுவின் அழுத்தம், வெளியே அதன் விளைவு என்பதுதான் மூன்றுக்கும் பொதுவான தத்துவம். மூன்றாவது குழலிலிருந்து இசையோ கனலோ வருவதில்லை. ஈயக் குண்டு வருகிறது. ரைபிளின் குழலைத்தான் கூறுகிறேன்.

நம் சங்க மலரில் இதற்கு என்ன இடம் என்று அன்பர்கள் கேட்கலாம். என் பெரியம்மாவின் மூத்த மகன் டெக்சாஸில் குடியேறி அமெரிக்கக் குடிமகனாகவும் ஆகிவிட்டவர். சனிக்கிழமைதோறும் சுடுதளத்துக்குச் சென்று காகித இலக்குகளைச் சுட்டுப் பொழுது போக்குகிறார். போட்டிகளில் கலந்துகொள்ளும் எண்ணமோ, காட்டுக்குச் சென்று ஓர் உயிரைக் கொல்லும் எண்ணமோ அவருக்கு இல்லை. தம்பி பௌதிகத்தில் எம்.எஸ்ஸி. படிக்கிறான் என்ற ஒரே காரணத்தை நம்பி, அண்மையில் எனக்கு ஒரு கேள்வி எழுதியிருந்தார். "ரைபிளுக்குப் புதுக் குழல் மாட்டலாம் என்றிருக்கிறேன். நூற்றைம்பது டாலரிலும் கிடைக்கிறது, நானூறு டாலரிலும் கிடைக்கிறது. பார்க்க இரண்டும் ஒன்றுபோல்தான் இருக்கின்றன. எதை வாங்க?"

கேள்வி துப்பாக்கியைப் பற்றியதாகத் தோன்றினாலும், விடை அளவைப் பிழைகளைப் பற்றியது. ஆய்வுக்கூடத்தில் வெர்னியர் பிடித்த மாணவர் எவரும் புரிந்துகொள்ளக் கூடியது. ஆகவேதான் அண்ணனுக்கு எழுதியதைச் சற்று விரித்து இங்கே தருகின்றேன்.

அண்ணனிடம் இருப்பது ரூகர் நிறுவனத்தின் 10/22 என்னும் ரைபிள். 1964ஆம் ஆண்டு முதல் விற்பனையில் இருப்பது. அமெரிக்காவில் தந்தையர் பிள்ளைகளுக்குச் சுடக் கற்பிக்கும் எளிய ரைபிள்களில் பெயர் பெற்றது. இது சுடுவது .22 லாங் ரைபிள் என்னும் சிறு தோட்டா. 1887இல் தோன்றிய இத்தோட்டாவை நம்மில் பலரும் பார்த்திருக்கிறோம். என்.சி.சி.யில் சேர்ந்து சுடுதளத்தில் குப்புறப் படுத்து, முழங்கை சிராய்க்க, மூச்சை அடக்கிச் சுட்ட நண்பர்கள் பயன்படுத்தியது இதே தோட்டாவைத்தான். ஆக, அண்ணனின் கேள்வி நமக்கு முற்றிலும் அயலானது அன்று.

இந்த ரைபிளில் ஒரு விசேஷம் உண்டு. பெரும்பாலான ரைபிள்களில் குழல், உடலோடு மரையிட்டு இறுக முறுக்கப்பட்டிருக்கும். கழற்றுவதற்குத் தொழிலாளியும் தனிப் பிடிகருவியும் வேண்டும். 10/22இலோ குழலின் அடிப்பாகம் உடலில் செருகப்பட்டு, ஒரு சிறு முக்கோணக் கட்டையாலும் இரண்டு திருகுகளாலும் பிடித்து வைக்கப்பட்டுள்ளது. வீட்டு மேசைமேல் வைத்தே மாற்றிவிடலாம். இந்த வசதியைக் கண்டு எத்தனையோ கம்பெனிகள் இதற்கென்றே குழல்கள் செய்து விற்கின்றன. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் ரைபிளின் உடலைத்தான் துப்பாக்கி என்று கருதுகிறது. குழல் வெறும் உதிரிப்பாகம். மாநிலச் சட்டங்கள் வேறுபடும். நம் நாட்டில் நிலைமை அப்படியன்று. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் பாகங்களையும் ஆயுதம் என்ற சொல்லுக்குள் அடக்கிவிட்டது. எனவே இக்கட்டுரையைப் படித்துவிட்டு யாரும் கடை தேடிப் புறப்பட வேண்டாம்!

குழல் என்ன வேலை செய்கிறது என்பதை முதலில் காண்போம். அதன் உட்சுவரில் திருகுபோல் வளைந்து செல்லும் பள்ளங்கள் வெட்டப்பட்டிருக்கும். அவற்றை மரை என்போம். மென்மையான ஈயக் குண்டு இம்மரையில் பதிந்து, முன்னே ஓடும்போதே சுழலவும் செய்கிறது. சுழலும் பம்பரம் சாய்ந்து விழாதிருப்பது போலச் சுழலும் குண்டும் தலைகுப்புற உருளாமல் மூக்கு முன்னதாகவே செல்கிறது. .22 லாங் ரைபிளுக்கு வழக்கமான முறுக்கு 16 அங்குலத்துக்கு ஒரு சுற்று. வினாடிக்குச் சுமார் 326 மீட்டர் வேகத்தில் வெளிவரும் சாதாரணக் குண்டு, அந்தக் கணக்கில் வினாடிக்கு 800 முறை சுழல்கிறது. நிமிடத்துக்கு 48,000! நம் ஆய்வுக்கூடத்து மோட்டார் எதுவும் அருகே வராது.

இந்தப் பதினாறு எங்கிருந்து வந்தது? இங்கிலாந்தில் வுல்விச் நகரில் பீரங்கிப்படை அதிகாரிகளுக்குக் கணிதம் கற்பித்த கிரீன்ஹில் என்பவர் 1879இல் ஒரு சுருக்கு விதி தந்தார். குண்டின் விட்டத்தை வர்க்கித்து, 150ஆல் பெருக்கி, குண்டின் நீளத்தால் வகுத்தால் தேவையான முறுக்கு கிடைக்கும். விட்டம் 0.224 அங்குலம், நீளம் அரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. அன்பர்களே போட்டுப் பார்க்கலாம். பதினாறை ஒட்டித்தான் வரும். இதனால் அறிவது யாதெனில், வழக்கமான 40 கிரெயின், அதாவது 2.6 கிராம் எடையுள்ள குண்டைச் சுடுவோர்க்கு முறுக்கைப் பற்றிய கவலையே வேண்டாம். பதினாறு என்று போட்டிருக்கிறதா என்று பார்த்தால் போதும். வேறு முறுக்கு என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்டால் அது அண்ணனுக்கான சரக்கு அன்று.

இனி உண்மையான விஷயத்துக்கு வருவோம்.

இலக்கின் நடுவே குறிவைத்துப் பத்துக் குண்டுகள் சுட்டால் பத்தும் ஒரே துளையில் விழுவதில்லை; சிதறி விழுகின்றன. அச்சிதறலில் மிகத் தொலைவாக விழுந்த இரண்டு துளைகளின் இடைவெளியைச் சுடுவோர் குரூப் என்பர். சிதறலுக்குக் காரணம் ஒன்றன்று. குழலில் ஒரு பங்கு, தோட்டாவில் ஒரு பங்கு, சுடுபவரின் கையிலும் கண்ணிலும் ஒரு பங்கு. ஒன்றையொன்று சாராத பிழைகள் எவ்வாறு கூடும் என்பதை நாம் முதல் ஆண்டிலேயே படித்திருக்கிறோம். அவை நேராகக் கூடுவதில்லை. ஒவ்வொன்றையும் வர்க்கித்து, கூட்டி, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். இந்தச் சின்ன விதிதான் குழல் வியாபாரிக்கு மிகப் பெரிய எதிரி.

எடுத்துக்காட்டுக்காகச் சில எண்களை வைத்துக்கொள்வோம். 50 கஜத் தொலைவில், மேசைமேல் மூட்டை வைத்துச் சாதாரணமாகச் சுடும் ஒருவரின் சொந்தச் சிதறல் 2 அங்குலம். தோட்டாவின் சிதறல் 1 அங்குலம். ரைபிளோடு வந்த குழலின் சிதறல் ஒன்றரை அங்குலம். மூன்றும் சேர்ந்தால் நாலரை அங்குலம் ஆகாது, 2.7 அங்குலமே ஆகும். இப்போது நானூறு டாலர் கொடுத்து, சிதறல் அரை அங்குலமே உள்ள உயர்ந்த குழலை மாட்டுகிறார். குழலின் பிழை மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. மொத்தச் சிதறல் என்ன ஆயிற்று? 2.3 அங்குலம். நானூறு டாலருக்கு நாற்பது சதவிகிதமாவது குறைய வேண்டாமா? பதினைந்து சதவிகிதமே குறைந்திருக்கிறது. பெரிய பிழை பக்கத்தில் நிற்கும்போது சிறிய பிழையைத் திருத்துவதால் பெரும்பயன் இல்லை. பழைய குழலையே வைத்துக்கொண்டு, பயிற்சியால் தம் சொந்தச் சிதறலை 2 அங்குலத்திலிருந்து 1 அங்குலமாக்கினால் மொத்தம் 2.1க்கு வந்துவிடும். விலையுயர்ந்த குழலை மாட்டுவதைவிட நல்ல பயன்!

இதை மறுபுறமும் திருப்பிப் பார்ப்பதுதான் நேர்மை. நன்கு தேர்ந்த ஒருவரின் சொந்தச் சிதறல் 0.3 அங்குலம் என்றால், பழைய குழலோடு மொத்தம் 1.8, புதிய குழலோடு 1.2. இங்கே குழல் தன் விலையைச் சம்பாதித்துவிடுகிறது. கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் போன்றவர்கள் காற்று ரைபிளில் ஒரு புள்ளியின் பத்தில் ஒரு பங்குக்காகப் போராடுகிறார்கள். அவர்கள் கையில் இருக்கும் கருவி உயர்ந்ததாக இருப்பது ஆடம்பரம் அன்று, தேவை. சனிக்கிழமைச் சுடுநருக்கு அதே கருவி ஆடம்பரம். இரண்டையும் குழப்பிக்கொள்வதில்தான் பணம் கரைகிறது.

அப்படியானால் நூற்றைம்பது டாலர் குழலுக்கும் நானூறு டாலர் குழலுக்கும் வேற்றுமையே இல்லையா என்று கேட்டால், உண்டு. எதற்காக அந்த இருநூற்றைம்பது டாலர் என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

எஃகை எடுத்துக்கொள்வோம். மலிவான குழல்கள் பெரும்பாலும் குரோமியமும் மாலிப்டினமும் சிறிதளவு கலந்த எஃகால் ஆனவை. விலை கூடியவற்றில் பல துருவேறா எஃகால் ஆனவை. நம் வீட்டு எவர்சில்வர் தம்ளரின் பங்காளி என்று சொல்லலாம். ஆனால் நெருங்கிய பங்காளி அன்று. தம்ளரில் குரோமியம் 18 சதவிகிதமும் நிக்கல் 8 சதவிகிதமும் இருக்கும். குழலில் குரோமியம் 13 சதவிகிதம் அளவே. சீவுவதற்கு எளிதாக இருக்கக் கொஞ்சம் கந்தகமும் சேர்ப்பார்கள். அதனால் தம்ளரைப்போல் துருவை அடியோடு எதிர்க்கும் என்று நம்பிக் கவனிக்காமல் விட்டுவிடக் கூடாது. பெரிய ரைபிள்களில் வெப்பமும் அழுத்தமும் குழலின் தொண்டையை அரித்துவிடும். அங்கே எஃகின் தரம் ஆயுளைப் பற்றிய கேள்வி. .22இலோ ஒரு தோட்டாவில் இருக்கும் மருந்து ஒரு கிராமில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான். குண்டு மென்மையான ஈயம். அண்ணன் வாரம் ஐம்பது தோட்டா சுட்டால், எந்த எஃகாயினும் அவர் பேரப்பிள்ளைகளும் சுடலாம். ஆகவே எஃகுக்காகக் கூடுதல் காசு கொடுப்பது வீண். கடற்கரை ஊரில், உப்புக்காற்றில் இருப்பவரானால் மட்டும் சற்று யோசிக்கலாம்.

மரையிடும் முறை அடுத்தது. ஒரு சிறு உளியால் பள்ளத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவுவது பழைய முறை. மெதுவானது, ஆகவே விலை அதிகம். கடினமான உலோகக் குமிழ் ஒன்றைத் துளைவழியே இழுத்து மரையை அழுத்திப் பதிப்பது இன்னொரு முறை. மூன்றாவது, மரை வடிவம் கொண்ட தண்டைத் துளைக்குள் வைத்து வெளியிலிருந்து சம்மட்டிகளால் அடித்து அமுக்குவது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஜெர்மனியில் இயந்திரத் துப்பாக்கிகளுக்காகக் கைக்கொண்ட முறை இது. ரூகர் தன் 10/22 குழல்களைச் செய்வது இம்முறையில்தான். இவற்றுள் எது சிறந்தது என்ற விவாதம் சுடுதளங்களில் ஓயாது. என் எண்ணத்தில், முறையைவிடச் செய்பவரின் கவனமே முக்கியம். மூன்று முறைகளிலும் நல்ல குழலும் உண்டு, மட்டமான குழலும் உண்டு. நம் ஊரில் கையால் தட்டிய குடமும் உண்டு, அச்சில் வார்த்த குடமும் உண்டு. ஒழுகுவது எது என்று தண்ணீர் ஊற்றித்தானே பார்க்கிறோம்?

தடிமனைப் பற்றி ஒரு வார்த்தை. 0.920 அங்குல விட்டமுள்ள தடித்த குழல்கள் 10/22க்குப் பிரசித்தம். விட்டம் இரட்டித்தால் வளையாத் தன்மை 16 மடங்காகும் என்பது நாம் அறிந்த விதி; தடித்த குழல் குறைவாக அதிரும், மூட்டைமேல் அசையாமல் கிடக்கும். ஆனால் எடையும் ஏறும். மேலும் பழைய மரக்கட்டையின் வாய்க்காலில் இத்தடித்த குழல் உட்காராது. கட்டையையும் மாற்ற வேண்டும், அல்லது குடைய வேண்டும். குழலின் விலையை மட்டும் கணக்கிட்டவர், இந்தச் செலவு வந்து நிற்கும்போது விழிப்பார். வெளிப்புறம் பள்ளம் சீவிய குழல், கார்பன் நார் சுற்றிய குழல் என்றெல்லாம் உண்டு. எடையைக் குறைக்கும், அழகாகவும் இருக்கும். அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

நீளமான குழல் துல்லியமாகச் சுடும் என்ற எண்ணம் பலரிடம் வேரூன்றியிருக்கிறது. இந்தச் சிறு தோட்டாவின் மருந்து ஏறக்குறைய 16 முதல் 19 அங்குலத்துக்குள் தன் வேலையை முடித்துவிடுகிறது. அதற்கு மேற்பட்ட நீளம் குண்டுக்கு உதவுவதில்லை, உராய்வுதான் மிச்சம். குட்டையாக்கலாமோ எனில், அமெரிக்கச் சட்டப்படி ரைபிளின் குழல் 16 அங்குலத்துக்குக் குறையலாகாது. குறைந்தால் 1934ஆம் ஆண்டின் தேசியச் சட்டப்படி தனிப் பதிவு வேண்டும். பதினாறரையோ பதினெட்டோ, கிடைப்பதை வாங்கிக்கொள்ளலாம்.

இதுவரை கூறியவை பணம் கொடுக்கத் தேவையில்லாத இடங்கள். மலிவான குழலில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டிய இடங்கள் மூன்று உண்டு.

முதலாவது குழலின் வாய் விளிம்பு. குண்டு கடைசியாகத் தொட்டுச் செல்லும் இடம் அதுதான். அந்த விளிம்பு முழு வட்டமாக, எல்லாப் பக்கமும் ஒரே சமயத்தில் குண்டை விடவேண்டும். ஓரிடத்தில் நகக்கண் அளவு பிசிறு இருந்தாலும் பின்னாலிருந்து வரும் வாயு அந்தப் பக்கமாக முன்கூட்டிப் பீறிட்டுக் குண்டை ஒரு புறம் தள்ளிவிடும். ஆயிரம் ரூபாய்ப் பேனாவானாலும் முள் வளைந்திருந்தால் எழுத்து எப்படி இருக்கும்? சோதிப்பது எளிது. காது குடையும் பஞ்சுக்குச்சியை உள்ளிருந்து விளிம்பின்மேல் மெல்ல வெளிப்புறமாக இழுக்க வேண்டும். பஞ்சு நார் சிக்கினால் அங்கே பிசிறு இருக்கிறது என்று பொருள். இந்த விளிம்பைத் திரும்பச் சீவிச் சரிசெய்யக் கைதேர்ந்த தொழிலாளி வாங்கும் கூலி, புதுக்குழலின் விலையில் சிறு பங்கே.

இரண்டாவது உள்துளையின் ஒழுங்கு. குழலைத் தனியே கழற்றி வைத்து, துளையைவிட மயிரிழை பெரிதான மென்மையான ஈயத் துண்டொன்றை எண்ணெய் தடவிச் செலுத்தி, பூச்சிட்ட தடியால் சீராகத் தள்ளிப் பார்ப்பார்கள். கை உணரும். ஓரிடத்தில் இறுகி, ஓரிடத்தில் தளர்ந்து போனால் குழல் சீராக இல்லை. வாயருகே சற்று இறுக்கமாக இருந்தால் அனுபவசாலிகள் மகிழ்வார்கள். வாயருகே தளர்ந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மைக்ரோமீட்டர் காணாததை விரல் காண்கிறது என்பதில் பௌதிக மாணவனுக்குச் சற்று வெட்கம்தான்.

மூன்றாவது தோட்டா அறை. இதில் பாதுகாப்பும் அடங்கியிருப்பதால் சற்று நின்று பேச வேண்டும். சாதாரண ரைபிளின் அறை தாராளமாக இருக்கும். எந்தத் தோட்டாவும் நுழையும், புழுதி படிந்தாலும் வேலை செய்யும், ஆனால் தோட்டா உள்ளே கொஞ்சம் ஆடும். போட்டி ரைபிளின் அறை மிக இறுக்கம். குண்டின் மூக்கு மரையிலேயே பதிந்துவிடும். துல்லியம் கூடும் என்பது உண்மை. ஆனால் 10/22 தானே தோட்டாவை ஏற்றி வெற்றுக்கூட்டை வெளியே எறியும் ரைபிள். இறுக்கமான அறையில் அதற்கு அடிக்கடி மூச்சு முட்டும். சுடாத தோட்டாவை வெளியே எடுக்கும்போது குண்டு மரையிலேயே சிக்கிக்கொண்டு, மருந்து இயந்திரத்துக்குள் கொட்டுவதும் உண்டு. இரண்டுக்கும் இடைப்பட்டதாகப் பெண்ட்ஸ் அறை என்றொரு அளவு இருக்கிறது, தானியங்கி.22க்கு அதுவே பொருத்தம். இன்னொன்று: சி.சி.ஐ. நிறுவனத்தின் ஸ்டிங்கர் என்னும் அதிவேகத் தோட்டாவின் கூடு மற்றவற்றைவிட நீளமானது. இறுக்கமான போட்டி அறையில் அதைச் சுடலாகாது. அழுத்தம் எல்லை மீறக்கூடும். விலையுயர்ந்த குழலை வாங்கியவர் எந்தத் தோட்டாவும் போடலாம் என்று நினைப்பது ஆபத்து. குழலோடு வரும் தாளை முழுவதும் படித்த பிறகே முதல் தோட்டாவைத் தொட வேண்டும்.

விளம்பரங்களைப் பற்றியும் கூறியாக வேண்டும். "எங்கள் குழல் இவ்வளவு அங்குல குரூப் தரும்" என்று படத்தோடு போடுவார்கள். எத்தனை குண்டு என்று பாருங்கள், பெரும்பாலும் மூன்று. மூன்று குண்டுகளின் குரூப் எப்போதும் சிறிதாகத்தான் இருக்கும். குண்டுகள் கூடக்கூட எங்கோ ஒன்று விலகிவிழும் வாய்ப்பும் கூடுகிறது. சிதறல் வழக்கமான காசியன் பரவலைப் பின்பற்றுகிறது என்று கொண்டு கணக்கிட்டால், ஒரே குழல் மூன்று குண்டில் சராசரி 1 அங்குல குரூப் தருமானால், ஐந்தில் 1.27 அங்குலமும் பத்தில் 1.58 அங்குலமும் தரும். குழலில் எந்த மாற்றமும் இல்லை, எண்ணிக்கைதான் மாறியது. அதோடு முடியவில்லை. ஐந்து குண்டு குரூப்புகளின் சராசரி 1 அங்குலமாக இருக்கும் குழலே, ஒருமுறை முக்கால் அங்குலமும் மறுமுறை ஒன்றேகால் அங்குலமும் காட்டுவது வெகு இயல்பு. சிறியதைப் படமெடுத்துப் பெரியதைக் குப்பையில் போட்டால் குழலின் பெருமைக்கு என்ன குறை! ஆறு தாள் எழுதி, மதிப்பெண் அதிகம் வந்த மூன்றை மட்டும் ஊருக்கு எழுதும் மாணவரை நம் விடுதியிலும் காணலாம். ஒரு குழலையும் மற்றொரு குழலையும் ஒப்பிட வேண்டுமானால், பத்துக் குண்டு குரூப் ஐந்தாவது ஒவ்வொன்றிலும் சுட வேண்டும். ஒரே பெட்டித் தோட்டா, காற்றில்லாத ஒரே காலைப்பொழுது. இதற்குக் குறைந்த எந்தச் சோதனையும் வாங்குவோரின் மன ஆறுதலுக்குத்தான் உதவும்.

தோட்டாவில்தான் மெய்யான லாபம் இருக்கிறது. அதிவேகத் தோட்டாக்கள் வினாடிக்கு 380 மீட்டர் வேகத்தில் கிளம்புகின்றன. ஒலியின் வேகம் ஏறக்குறைய 340 மீட்டர். குண்டு வழியிலேயே வேகமிழந்து ஒலியின் வேகத்தைக் கீழ்நோக்கிக் கடக்கும்போது அதிர்வலை குலைந்து குண்டைத் தள்ளாட வைக்கிறது. ஒலியைவிடக் குறைந்த வேகத்தில், 326 மீட்டரில் கிளம்பும் சாதாரணத் தோட்டாவுக்கு இந்தத் தொல்லையே இல்லை. அதிவேகம் என்று பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருப்பதைக் கண்டு வாங்குபவர், காகிதம் சுடுவதற்கு வேகம் எதற்கு என்று கேட்டுக்கொள்வதில்லை. மேலும் ஒவ்வொரு குழலுக்கும் ஒரு தோட்டாமேல் பிரியம். ஏன் என்று முழுமையாகச் சொல்ல முடியாது. ஆறு வகையில் ஒவ்வொரு பெட்டி வாங்கிச் சுட்டுப் பார்த்து, எது பொருந்துகிறதோ அதை மொத்தமாக வாங்கி வைப்பது, குழல் மாற்றுவதற்கு முன் செய்யவேண்டிய காரியம். பலர் அதைச் செய்வதேயில்லை.

சுத்தம் செய்வதிலும் மிகை வேண்டாம். .22 குழல்கள் குண்டால் தேய்வதைவிடச் சுத்தம் செய்யும் தடி விளிம்பில் உராய்ந்து கெடுவதே அதிகம் என்பது சுடுநரிடையே பரவலான கருத்து. இரும்புத் தடியை வாய்ப்பக்கமிருந்து நுழைத்துத் தினமும் தேய்ப்பவர், மேலே சொன்ன விளிம்பைத் தம் கையாலேயே அழிக்கிறார்.

அண்ணனுக்கு நான் எழுதிய விடை இதுதான். 10/22 ரைபிளே முந்நூறு, நானூறு டாலர்; அதே விலைக்கு அதன் ஒரு பாகத்தை வாங்குவதில் பொருளில்லை. இருக்கிற குழலின் விளிம்பைப் பஞ்சுக்குச்சியால் சோதியுங்கள். ஆறு வகைத் தோட்டா வாங்குங்கள். ஒவ்வொன்றிலும் பத்துக் குண்டு குரூப் சுட்டுக் குறித்து வையுங்கள். அதன் பிறகும் குழல்தான் குற்றவாளி என்று தெரிந்தால், பிறர் தங்கள் ரைபிளிலிருந்து கழற்றிவிட்டு மலிவாக விற்கும் ரூகரின் சொந்தக் குழல்கள் சுடுதளத்திலேயே கிடைக்கும். ஒன்றை வாங்கி மாட்டிப் பாருங்கள். அதுவும் போதாதென்றால் நூற்றைம்பது டாலரில், 16 அங்குல முறுக்கும் பெண்ட்ஸ் அறையும் உள்ள மெல்லிய குழல். கட்டையை மாற்ற வேண்டியிராது. மாட்டும்போது தோட்டாப் பெட்டகத்தை எடுத்துவிட்டு, அறை காலியாக இருப்பதைக் கண்ணாலும் விரலாலும் பார்த்த பிறகே திருகில் கைவையுங்கள். இரண்டு திருகுகளையும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். ஒன்றை மட்டும் இறுக்கினால் குழல் ஒரு புறம் சாயும்.

மிச்சமாகும் இருநூற்றைம்பது டாலருக்குத் தோட்டா ஒன்று பத்து சென்ட் என்று கொண்டால் 2,500 தோட்டாக்கள். வாரம் ஐம்பது வீதம் ஐம்பது சனிக்கிழமைகளுக்கு அது காணும்.

அண்ணனிடமிருந்து மறுமொழி வந்துவிட்டது. விளிம்பில் பஞ்சு சிக்கவில்லையாம். நான்கு வகைத் தோட்டா வாங்கிவிட்டார். ஐந்தாவதும் ஆறாவதும் கடையில் இருப்பு இல்லை. சாதாரண வேகத் தோட்டா ஒன்றில் பத்துக் குண்டு குரூப் 50 கஜத்தில் ஒன்றேமுக்கால் அங்குலம் வந்ததென்றும், அதிவேகத்தில் இரண்டரை அங்குலம் வந்ததென்றும் எழுதியிருக்கிறார். ஒரே ஒரு குரூப்தான் சுட்டாராம். இன்னும் நான்கு சுடச் சொல்லி எழுதியிருக்கிறேன்.